அடித்தால் செத்துப்போகும்

காந்தத்தை யாராலும் தடுக்க முடியாது. இதை ஒரு தகட்டில் பொறித்துப் பட்டறை வாசலில் மாட்டிவைக்கலாமா என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. மாட்டி யாருக்கு என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய நேரத்தில் இதில் பாதிதான் தெரிந்தது. மீதிப் பாதி தெரிந்தபோது என் தம்பி உயிரோடு இல்லை.

நான் தகடு வேலை செய்கிறவன். காற்றுக்குழாய், புகைபோக்கி, மிஷின்களுக்கு மூடி, எது கேட்டாலும் வெட்டி, மடித்து, தட்டிக் கொடுப்பேன். தெருவில் என்னைத் ‘தகரம்’ என்றுதான் சொல்வார்கள். தொழிலை வைத்து வந்த பெயர் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வாயை வைத்து வந்த பெயர் என்று தம்பி பெண்டாட்டிதான் ஒருநாள் சிரித்துக்கொண்டே போட்டு உடைத்தாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பசித்தது, பேசிவிட்டேன்.

தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். ஸ்பீக்கர் ரிப்பேர் பார்ப்பான். என் பட்டறைக்கும் அவன் கடைக்கும் ஒரே சுவர், சுவரில் ஒரு கதவு. நான் இந்தப் பக்கம் டங்கு டங்கென்று அடித்துக்கொண்டிருப்பேன். அவன் அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு, ஸ்பீக்கரில் எங்கே கரகரக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பான். தாங்க முடியாமல் போனால் கதவருகே வந்து, “அண்ணா, ரெண்டு நிமிஷம்” என்பான். அவ்வளவுதான். ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே கத்திக்கொண்டிருந்தேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த வாயை யார் கட்டிக்கொண்டு அழுவார்கள்? மூன்று வேளைச் சாப்பாடும் தம்பி வீட்டில்தான். வீடென்றால் கடைக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. தம்பி பெண்டாட்டி அதில் ஒரு அறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். ஒரே பெண், ஒன்பது வயது. சும்மா இருக்கவே தெரியாது என்பதால் வாலு என்று கூப்பிடுவோம்.

போன வருஷம் தம்பி பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் அப்படியே மடங்கி விழுந்தான். நெஞ்சு சில நேரம் தாறுமாறாகத் துடிக்கிறது, அப்படித் துடித்தால் ரத்தம் ஓடாது என்றார்கள். இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரியில் அந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற பெண் ஒருத்தி வந்து, பொறுமையாக விளக்கினாள். நெஞ்சு தாளம் தப்பினால் பெட்டி உள்ளிருந்தே கரண்டில் ஒரு அடி கொடுத்து நேராக்கிவிடும். “ஒண்ணே ஒண்ணுதான். காந்தம் பக்கத்துல வந்தா பெட்டி கண்ண மூடிக்கும். காந்தம் போனதும் தானா திறந்துக்கும். அந்த நடுவுல நெஞ்சு தாளம் தப்புச்சுன்னா அடி கொடுக்க ஆள் இல்ல” என்றாள். அப்புறம் நோட்டைத் திறந்துகொண்டு, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்பீக்கர் என்றாலே காந்தம்தானே. முதுகில் காந்தம் இல்லாத ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது?

கடைப்பக்கமே போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு மாதம் வீட்டில் இருந்தான். பெண்டாட்டி தைத்த சட்டைகளுக்குப் பட்டன் வைத்தான். என் பட்டறைக்கு வந்து தகட்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்; நேராகப் பிடிக்கத் தெரியவில்லை என்று நான் எரிந்து விழுந்தேன். வேறு வேலை தேடிப் போய்விட்டு வருவான், என்ன சொன்னார்கள் என்று கேட்டால் சிரிப்பான். ஒருநாள் காலையில் பார்த்தேன். நடுச்சுவர்க் கதவில் நின்றுகொண்டிருக்கிறான். கடைக்குள் காலை வைக்கவில்லை. அலமாரியில் காந்தங்கள் வரிசையாக இருக்கின்றன, இவன் வாசற்படியில் நின்று யார் வீட்டையோ பார்ப்பதைப்போலப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தகட்டில் செய்ய முடியாதது என்று இந்த உலகத்தில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்கு ஒரு வீம்பு வந்தது. உன் பெட்டிக்கு நான் ஒரு மறைப்பு செய்து தருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

தம்பி பெண்டாட்டிக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. டாக்டர் வேண்டாம் என்றதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எப்படி வேண்டும் என்பீர்கள் என்று கேட்டாள். சரியான கேள்விதான். ஆனால் அவளும் அவனைத் தினம் தினம் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். கடைசியில், முதலில் சோதித்துப் பாருங்கள், எனக்கும் காட்டுங்கள், அப்புறம்தான் அவர் கடைக்குள் போகலாம் என்று ஒத்துக்கொண்டாள்.

வாலுவின் பள்ளிக்கூடப் பெட்டியில் ஒரு திசைகாட்டி இருந்தது. அதை வாங்கி என் மேசையில் வைத்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய ஒரு வளையக் காந்தத்தை ஒரு முழம் தள்ளி வைத்தேன். ஊசி காந்தத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. இப்போது நடுவில் எதை வைத்தால் அந்த ஊசி காந்தத்தை மறந்துவிட்டுத் திரும்பவும் வடக்கைப் பார்க்கும்? சோதனை இவ்வளவுதான். தம்பி பட்டறையின் அந்தக் கோடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டான். காந்தத்தைத் தொடுவது, நகர்த்துவது எல்லாம் நான்.

முதலில் ஈயம். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் ஈய அங்கி போடுகிறார்களே, எக்ஸ்ரேயையே நிறுத்துகிற ஈயம் இந்தப் பொடிக் காந்தத்தை நிறுத்தாதா என்று நினைத்தேன். நடுவில் ஈயம் என்று ஒன்று இருப்பதே ஊசிக்குத் தெரியவில்லை. அலுமினியம் வைத்தேன், செம்பு வைத்தேன், பித்தளை, கண்ணாடி, நாலு விரல் கனத்துக்குப் பலகை. ஊசி காந்தத்தையே முறைத்துக்கொண்டு நின்றது. எனக்கு வந்த கோபத்தில் திசைகாட்டியைத் தூக்கி எறியப் போனேன். “அண்ணா, அது வாலுவோடது” என்றான் தம்பி.

இரும்பை வைத்ததும் ஊசி அசைந்தது. இரண்டு தகடு சேர்த்து வைத்தேன், பாதி தூரம் வடக்கே திரும்பியது. நாலு வைத்தேன். தம்பி அங்கிருந்தே எழுந்து நின்றுவிட்டான். என் பட்டறைத் தரையில் இரும்புத்தூளுக்கா பஞ்சம்? ஒரு காகிதத்தைத் தகட்டுக்கும் காந்தத்துக்கும் மேலே விரித்து அதில் தூவச் சொன்னான். தூவிவிட்டு, காந்தத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன். தூள் அப்படியே கோடு கோடாகப் படிந்திருந்தது. கோடெல்லாம் காந்தத்திலிருந்து கிளம்பி வருகிறது, இரும்பைப் பார்த்ததும் வளைந்து அதற்குள் நுழைகிறது, இரும்போடு இரும்பாக ஓடி, ஓரத்தில் வெளியே வருகிறது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான்.

“இது தடுக்கலண்ணா. வேற வழி காட்டி விடுது. இரும்புக்குள்ள போறது அதுக்குச் சுலபம், அதான் அதுல போயிடுது. ஓரத்துல இறங்கி மறுபடியும் அது வழியப் பாத்துட்டுப் போகுது பாரு.”

இதுதான் நான் சொன்ன முதல் பாதி. தடுக்க முடியாது, திருப்பிவிடலாம். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு நாளில் அவன் மேசைக்குக் கனமான இரும்பில் ஒரு தொட்டி செய்தேன். ஸ்பீக்கரை மல்லாக்க வைத்து அதன் முதுகை அதற்குள் இறக்கிவிட்டால் காந்தத்தின் விசை பெரும்பாலும் தொட்டிச் சுவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மிச்சம் மேலே கசிவதற்கு நெஞ்சில் ஒரு கவசம் வேண்டும். அதை இரும்பில் செய்தால் தூக்கிச் சுமக்க அவன் உடம்பில் தெம்பு இல்லை.

பழைய மிஷின்களைப் பிரித்து விற்கிற ஒருவர் உண்டு. கண்ணாடி என்று கூப்பிடுவோம், அவ்வளவு தடிமனான மூக்குக்கண்ணாடி. அவரிடம் கேட்டேன். ஏதோ ஆராய்ச்சிக்கூடத்து மிஷினிலிருந்து வந்தது என்று ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தார். நிக்கல் கலந்த தகடு. மெல்லிசு, சாம்பல் வெள்ளை, கையில் கனமே தெரியவில்லை. காந்தத்தைத் திருப்ப இதற்கு மேல் ஒன்று கிடையாது என்றார். கொடுக்கும்போது, “பாத்துக்குங்க, அடிச்சா செத்துப்போயிடும்” என்றார்.

இந்த இடத்தில் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறைப் பேச்சில் தகடு செத்துவிட்டது என்றால் விரிசல் விட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரே இடத்தில் மொத்து மொத்தென்று அடித்தால் தகடு விறைத்து, கடைசியில் கீறிவிடும். கற்றுக்குட்டிகள் சாகடிப்பார்கள். நான் முப்பது வருஷமாகத் தகடு அடிக்கிறேன். என்னிடம் வந்து அடித்தால் செத்துப்போகும் என்கிறாரே இந்த மனுஷன் என்று எனக்குச் சுருக்கென்றது. என் கையில் இதுவரைக்கும் ஒரு தகடு செத்ததில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். செத்துப்போகும் என்றால் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. கேட்கவில்லை.

தகட்டைத் தட்டையாகவே வைத்துச் சோதித்தோம். காந்தத்தை ஒரு சாண் அருகில் கொண்டுவந்தும் ஊசி வடக்கை விட்டு நகரவில்லை. தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் தானே தகட்டை எடுத்துப் பார்த்தாள், ஊசி துள்ளியது, வைத்தாள், அடங்கியது. நாலைந்து தடவை செய்தாள். அப்புறம் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அன்றைக்குத் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாலு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவன் பழைய தம்பியாக இருந்தான்.

ஆனால் ஓரத்தில் வெளியே வருமே. தகட்டை நெஞ்சுக்கு நேரே சும்மா தொங்கவிட்டால் ஓரத்தில் இறங்குகிறது பெட்டி மேலேயே இறங்கினாலும் இறங்கும். அதனால் தோளிலிருந்து அக்குள் வரைக்கும் சுற்றி வளைத்து, ஓரங்களை வெளிப்பக்கமாகத் திருப்பிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். யோசனையில் ஒரு தப்பும் இல்லை. அகலத்தகடாக இருக்கிறதைத் துண்டு துண்டாக வெட்டி, செதில் செதிலாக அடுக்கித் துணியில் தைத்திருந்தால் போதும், ஒரு அடிகூட அடிக்க வேண்டியதில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று நினைத்தேன். என் தம்பி தினமும் போட்டுக்கொள்ளப் போகிறதை அப்படியா செய்து கொடுப்பேன்?

மூன்று நாள் வேறு எந்த வேலையையும் தொடவில்லை. மரச்சுத்தியால் குழித்தேன், மணல் மூட்டை மேல் வைத்து வளைத்தேன், கடைசியில் சின்னச் சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டி வழவழப்பாக்கினேன். ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்தேன், உடம்பில் குத்தக்கூடாது என்று. தம்பியின் தோள் எலும்புக்கு அளவெடுத்துப் பள்ளம் வைத்தேன். பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன், மயிரிழை விரிசல் இல்லை. தம்பி பெண்டாட்டி உள்ளே துணி வைத்துத் தைத்து, தோல்வார் போட்டுக் கொடுத்தாள். நான் செய்த வேலைகளிலேயே அழகான வேலை அதுதான். இன்றைக்கும் அதைச் சொல்வேன்.

அவன் போட்டுக்கொண்டான். நெஞ்சுக்கும் கவசத்துக்கும் நடுவே திசைகாட்டியைச் செருகி, குனிந்து பார்த்துக்கொண்டான். நான் சின்னக் காந்தத்தை, பயந்து பயந்து, ஒரு முழத்துக்குக் கொண்டுவந்தேன்.

“அண்ணா, லேசா திரும்புது.”

“ஊசிய ஒழுங்கா புடி. உன் கைதான் ஆடுது.”

“இல்லண்ணா, கொஞ்சம்…”

“மூணு நாளா உக்காந்து செஞ்சிருக்கேன். உனக்குக் கை நடுங்கினா அதுக்கு நான் என்னடா பண்றது?”

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு, ஆமாம், கைதான் ஆடுது என்று சொல்லித் திசைகாட்டியை எடுத்து மேசையில் வைத்தான். பெண்டாட்டி வந்து கேட்டபோதும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான். என்னிடம் அவன் எதற்கும் எதிர்த்துப் பேசியதில்லை. இந்த ஒரு தடவை பேசியிருக்கக் கூடாதா என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதும் அயோக்கியத்தனம்தான். பேச வந்தவன் வாயை அடைத்தது நான்.

ஐந்து வாரம் வேலை பார்த்தான். சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள், எல்லாம் தொட்டிக்குள் அடங்கின. தொட்டிதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது, கவசம் என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது வாரம் ஒரு அரங்கத்திலிருந்து பெரிய ஸ்பீக்கர் வந்தது. அதன் காந்தம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம், தொட்டியில் இறங்கவில்லை. நானும் ஒரு கை பிடித்துத்தான் மேசை மேல் வைத்தோம். தொட்டி இல்லாமல் இதைச் செய்யாதே என்று எனக்கு வாயில் வந்திருக்க வேண்டாமா? கவசம் இருக்கிறதே என்று நினைத்தேன். அவன் என்ன நினைத்தான் என்று தெரியாது. ஒருவேளை, அண்ணன் செய்தது என்று நினைத்திருப்பான்.

பதினொரு மணி இருக்கும். புகைபோக்கிக்கு மூடி அடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அடிக்கிறேன், இன்னும் ‘ரெண்டு நிமிஷம்’ வரவில்லையே என்று தோன்றிக் கதவைத் தாண்டிப் போனேன். ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன் மேல் வைத்துக் கிடந்தான். இழுத்துத் தரையில் போட்டேன். கத்தரியால் வாரை வெட்டிக் கவசத்தைக் கழற்றி மேசை மேல் எறிந்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு கையையும் வைத்து அமுக்கினேன். என் கைக்குக் கீழே அவன் உடம்பு துள்ளியது. உயிர் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மறுபடி துள்ளினான். அது பெட்டி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எதிர் டயர்க் கடைக்காரரும் தம்பி பெண்டாட்டியும் ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பெட்டிக்குள் எல்லாம் பதிவாகியிருந்தது. கருவி பார்க்கிற பெண் அதைப் படித்துச் சொன்னாள். பத்து நாற்பதுக்கு நெஞ்சு தாளம் தப்பியிருக்கிறது. பெட்டி அதைக் கவனித்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் காந்தம் இருந்ததால் பன்னிரண்டு நிமிஷம் அடி கொடுக்கவில்லை. நான் இழுத்துப் போட்டதும் கண்ணைத் திறந்து ஆறு தடவை அடித்துப் பார்த்திருக்கிறது. அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

“கழட்டி வச்சிட்டாரு” என்றாள் தம்பி பெண்டாட்டி. “மேசை மேல கெடந்துச்சு, ஓடிவந்தப்ப நானே பாத்தேன். போட்டுக்காமயே உக்காந்திருக்காரு.”

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கே ஒன்றும் புரியவில்லை என்பது உண்மை. பயந்துவிட்டேன் என்பதும் உண்மை.

எல்லாம் முடிந்து வீடு அடங்கியபின் ஒரு மதியம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு திசைகாட்டியை எடுத்தேன். கவசத்தை நடுவில் வைத்தேன். ஊசி காந்தத்தைப் பார்த்துத் திரும்பி நின்றது, நடுவில் வெறும் காற்றுதான் இருக்கிறது என்பதைப்போல. அதே தகட்டில் வெட்டியது போக மிச்சம் ஒரு துண்டு மூலையில் கிடந்தது, அடி படாதது. அதை வைத்தேன். ஊசி வடக்கைப் பார்த்தது. கவசம், திரும்பியது. மிச்சத்துண்டு, அசையவில்லை. சுத்தியலை எடுத்து அந்தத் துண்டைப் பத்து அடி அடித்து வைத்துப் பார்த்தேன். ஊசி லேசாகத் தலையைத் திருப்பியது. இன்னும் இருபது அடி அடித்தேன். பாதி திரும்பிவிட்டது. அதற்கு மேல் அடிக்கக் கை வரவில்லை. துண்டில் ஒரு விரிசல் இல்லை, பளபளவென்று இருந்தது.

கண்ணாடியிடம் ஓடினேன். அந்தத் தகட்டுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு, அந்த ஒழுங்கில்தான் காந்தம் ஓடும், அடித்தால் அது கலைந்துபோகும், வளைத்துச் செய்கிறவர்கள் செய்து முடித்தபின் காற்றுப் புகாத உலையில் வைத்துச் சுட்டு மீட்டெடுப்பார்கள் என்றார். “அதத்தான் செத்துப்போயிடும்னு சொன்னேன். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேனே” என்றார். நான் சொன்ன மீதிப் பாதி இதுதான். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. நானே என் கையால் பொட்டுப் பொட்டாகத் தட்டி அதைக் கொன்றேன். அதை என் தம்பி நெஞ்சில் கட்டிவிட்டேன்.

இதைத் தெரிந்துகொண்டும் ஆறு வாரம் சும்மா இருந்தேன். அந்த ஆறு வாரமும் மூன்று வேளை அவள் போட்ட சோற்றைத் தின்றேன். அவளுக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்துவிட்டிருந்தது, எல்லாம் செத்தவன் மேல். அவன் சட்டைகளை மூட்டை கட்டினாள். தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அவனைத் திட்டுவாள். அத்தனை பாடுபட்டுச் செய்து கொடுத்ததை ஒரு நாள் போட்டுக்கொள்ள வலித்ததா, என்னையும் பெண்ணையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாரா என்று கேட்பாள். என்னையும் சாட்சிக்கு இழுப்பாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாலு வாலுவாகவே இல்லை. பேச்சு நின்றுவிட்டது, சாப்பாடும் பாதியாகிவிட்டது. அவளும் அப்பா மேல் கோபமாக இருக்கிறாள் என்று தம்பி பெண்டாட்டி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு விடுமுறை நாள் மதியம். சமையலறையில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். வாலு சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். தம்பி பெண்டாட்டிக்குப் பொறுமை போய்விட்டது. “உங்கப்பனுக்குத்தான் நாம வேணாம்னு ஆயிடுச்சு. நீயும் சாப்பிடாம போய்ச் சேரு” என்றாள். பெண் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்க் கதவோரம் நின்றாள்.

என் தம்பியைப் பற்றி அவன் வீட்டிலேயே, அவன் பெண்ணிடமே இப்படி ஒரு பேச்சு. சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

“அவன் கழட்டி வைக்கலம்மா. போட்டுட்டுதான் இருந்தான். நான்தான் வார வெட்டி எடுத்து மேசை மேல போட்டேன்.”

அவள் கரண்டியை வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தால் செத்துப்போகும் என்று கண்ணாடி சொன்னது, நான் அடித்தது, ஊசி திரும்புகிறது என்று அவன் சொன்னது, உன் கைதான் ஆடுகிறது என்று நான் அவன் மேல் பாய்ந்தது, அப்புறம் சோதித்துப் பார்த்தது, ஆறு வாரம் மறைத்தது. ஒன்றைக்கூட விடவில்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

“அவர் போட்டிருந்தாரா மாமா?”

“போட்டிருந்தான்.”

“நெஜமாவே போட்டிருந்தாரா?”

“உன் மேலயும் கொழந்த மேலயும் சத்தியமா போட்டிருந்தான்மா.”

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். கதவோரத்திலிருந்து வாலுவின் குரல் வந்தது. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

“பெரியப்பா, பின்னாடி வாரு மாட்டியிருந்துச்சா?”

எனக்குப் புரியவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முதுகுப் பக்கத்து வார் அப்பாவுக்கு எட்டாது, தினமும் அவள்தான் மாட்டிவிடுவாள். அன்றைக்குப் பள்ளிக்கூட வேன் சீக்கிரம் வந்துவிட்டது, மாட்டாமல் ஓடிவிட்டாள். அதனால்தான் கவசம் கழன்று விழுந்துவிட்டது. அப்பா கழற்றி வைத்தார் கழற்றி வைத்தார் என்கிறாள் அம்மா, ஆனால் விழுந்துதான் போயிருக்கும். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆறு வாரம். நான் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் இந்தக் குழந்தை இதைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. என்னை அப்போது யாராவது செருப்பால் அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“விழலடா கண்ணு. நீ ஓடினதும் அப்பா நேரா என்கிட்டதான் வந்தாரு. ‘வாலு ஓடிட்டா, நீ மாட்டி விடு’ன்னு முதுகக் காட்டிட்டு நின்னாரு. நான்தான் மாட்டினேன்.”

“எத்தனாவது ஓட்டைல?”

யோசித்தேன். நன்றாக ஞாபகம் இருந்தது. “மூணாவதுல.”

“மூணாவதுதான் சரி” என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் கோணியது. அப்பா போனதிலிருந்து அன்றைக்குத்தான் அழுதாள். தரையிலேயே உட்கார்ந்து, மூச்சு முட்ட முட்ட அழுதாள். தம்பி பெண்டாட்டி எச்சில் கையோடு எழுந்து ஓடி அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். போட்டிருந்தாருடி, உங்கப்பா போட்டிருந்தாருடி என்று சொல்லிச் சொல்லி அவளும் அழுதாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் என் தட்டையும் அவர்கள் தட்டுகளையும் எடுத்துக் கழுவி வைத்தேன். ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேரும் அடங்கினார்கள். நான் வாசற்பக்கம் வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, வரேம்மா என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குரலில் கோபமும் இல்லை.

“போங்க மாமா” என்றாள்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து, பக்கத்துப் பட்டறைக்குத்தான் போகிறேன் என்றாலும், அவள் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ‘வாங்க’ வரவில்லை. நான் போனேன்.